சகலை பூட்டிய பிரேக்

எனக்குச் சகலையைப் பிடிக்காது. அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்கப்போகிறவர்கள் இப்போதே கேட்டுவிட்டுப் போகலாம்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் புருஷன். அதியமான்கோட்டையில் எங்கள் மாமனாருக்கு இரண்டே பெண்கள். மூத்தவளை அவர் கட்டினார், இளையவளை நான் கட்டினேன். அவர் பெங்களூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்து, ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு லாரி, பஸ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிரைவர். எனக்குக் கல்யாணம் ஆன முதல் ஆடிக்கு இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். கார் ஓட்டும் பெருமையை நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓட்டத் தெரிஞ்சா ஆச்சுங்களா? கீழ என்னா இருக்குதுன்னு தெரியாம ஓட்டுறது, எருமை மேல காக்கா ஒக்காந்து போற மாதிரிதான்" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. ஊரார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ரசம் எடுத்துக்கொண்டு வந்த என் மனைவியும் சிரித்தாள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அவரும் அதற்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

மாமனார் நாலு ஜோடி மாடு கட்டி வண்டி விட்டவர். தர்மபுரியிலிருந்து மொரப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன ரயிலை யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனபோது ஊரே திட்டியது. அவர் மட்டும் திட்டவில்லை. மொரப்பூரில் மெயில் வண்டி பிடிக்க வேண்டியவர்கள் இனி எதில் போவார்கள் என்று யோசித்தார். சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு துரையிடமிருந்து பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். அதைத் தர்மபுரிக்கும் மொரப்பூர் ஸ்டேஷனுக்கும் இடையே வாடகைக்கு ஓட்டியவன் நான். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காரால்தான். நிலம் நீச்சு என்று எனக்கு ஒரு குழி கிடையாது.

அந்தக் காருக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. பிரேக் பெடலை இரண்டு காலாலும் மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்து, வாயால் முருகனையும் கூப்பிட வேண்டும். ஸ்டேஷன் சரிவில் நிறுத்துவதற்காக ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாரானாலும், வக்கீலானாலும் வாத்தியாரானாலும், இறங்கி ஓடிச் சக்கரத்துக்கடியில் அதைப் போட்டால்தான் மற்றவர்கள் இறங்க முடியும். இந்தச் சங்கதி பிரேக் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போயிற்று. அவர் மாதத்துக்கு ஒரு நாள் தர்மபுரியில் டிராவலர்ஸ் பங்களா மைதானத்துக்கு வருவார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓடிவரும் வண்டி கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பார். என் கார் கோட்டைத் தாண்டிப் பத்தடி போய், சாவகாசமாக நின்றது. அடுத்த மாதம் இதே கோட்டில் நிற்காவிட்டால் காருக்குப் பர்மிட் கிடையாது, ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸும் கிடையாது என்று சொல்லிவிட்டார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே சொன்னார், பாவி.

யுத்த சமயத்தில் அந்தக் காருக்கு ஒரு ஆணிகூடக் கிடைக்காது. மாமனார் வேறு வழியில்லாமல் மூத்த மாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பினார். அவர் வந்து, நான் ஒருவன் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளாமல், காருக்கடியில் அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் டிரம் என்று ஒரு இரும்புக் கிண்ணம் உண்டு. அதற்குள் அரைவட்டமாக இரண்டு ஷூ. ஷூவின் முதுகில் லைனிங் என்னும் நார்ப்பட்டை. பெடலை மிதித்தால் கேபிள் இழுத்து ஷூ விரிந்து, லைனிங் டிரம்மைக் கவ்விப் பிடிக்கும். என் காரில் லைனிங் தேய்ந்து, இரும்பை இரும்பு கவ்விக்கொண்டிருந்ததாம். இதைப் பழுதுபார்த்துப் பிரயோசனமில்லை, இதே காரில் பின்னால் வந்த மாடலின் பிரேக்கை அப்படியே கழற்றி இதற்குப் பூட்டிவிடலாம், அந்த மாதிரி வண்டி ஒன்று சேலத்தில் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது என்று மாமனாரிடம் சொன்னார். எப்படி அங்கே வந்தது என்று மாமனார் கேட்டார். தொப்பூர் கணவாயில் உருண்டது, டிரைவர் அங்கேயே போய்விட்டான் என்றார் சகலை, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

சேலத்துக்கு ஒரே பஸ்ஸில் போனோம். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் கடைசியில் உட்கார்ந்தேன். இரும்புக் கடைக்காரன் எங்களை விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்து, வெயிலில் குப்புறக் கிடந்த காரைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டான். பகல் முழுவதும் நட்டு நட்டாகக் கழற்றினோம். ஒரு ஸ்பேனரைக் கீழே வைப்பார், நான் எடுப்பேன். நான் கீழே வைப்பேன், அவர் எடுப்பார். கைக்குக் கை கொடுக்கவில்லை. உள்ளே கேபிளைக் கழற்றக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன். பெடல்களுக்கு நடுவில் ஒற்றைச் செருப்பு சிக்கிக் கிடந்தது. செத்தவனுடையது. என் கால் அளவு. பிரேக் பெடலின் ரப்பர் வலது ஓரத்தில் தேய்ந்திருந்தது. என் காரிலும் அதே ஓரம்தான் தேய்ந்திருக்கும். சகலை அந்தச் செருப்பை இரண்டு விரலால் எடுத்து வெளியே போட்டுவிட்டு, கேபிளைக் கழற்ற ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் தன் அப்பாவிடம் சொன்னாள். உருண்ட வண்டியின் பிரேக்கை இதற்குப் பூட்டலாமா என்று மாமனார் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். சகலை சிரித்தார். "லாரிக்காரன் இடிச்சுத் தள்ளிச் செத்தான் மாமா. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பயமா இருக்கறவங்க மாட்டு வண்டி ஓட்டட்டும்" என்றார். ஓட்டப்போகிறவன் நான், சிரிக்கிறவர் அவர்.

மாமனார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் மூன்று நாள் வேலை. முதல் காரியமாக, ரேஷன் கூப்பனில் வந்த என் பெட்ரோலில் அரை டின்னை வாங்கி, ஷூ, டிரம், தட்டு எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தார். அரை டின் பெட்ரோல் மொரப்பூருக்குப் போய்வரப் போதும். லைனிங்கில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் பிரேக் பிடிக்காது என்று மாமனாருக்கு விளக்கம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். புது டிரம் அகலம் கூடுதல், சக்கரம் உரசியது. அரம் போட்டு உரசலை எடுத்தார். கேபிள் ஒரு சாண் கூடுதல் நீளம். வெட்டி, முனையில் ஈயத்தை உருக்கி ஊற்றிக் குமிழ் செய்தார். வேலை தெரிந்தவர் என்பதை நான் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பூட்டி முடித்த பிறகு, நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிக்கிற மாதிரி சரிசெய்ய வேண்டும். காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் செய்யக்கூடிய வேலையா இது? மாமனாரை நடுவில் ஒரு கல்லின்மேல் உட்காரவைத்தோம்.

"மாமா, அவரக் கொஞ்சமா மிதிக்கச் சொல்லுங்க."

"கொஞ்சமா மிதிங்கறாரு."

"கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேளுங்க மாமா."

பாதிப் பகல் இப்படிப் போயிற்று. மாமனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் பெண்ணைக் கொடுத்ததற்கு இரண்டையும் கிணற்றில் தள்ளியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு சகலை சக்கரத்தோடு பேசினார், நான் ஸ்டியரிங்கோடு பேசினேன். எப்படியோ வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். புளியமரத்துக்கு நேரே மிதித்தேன். அறைந்தாற்போல் நின்றது. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. மாமனார் வாயெல்லாம் பல்லாக, மூத்த மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். என் நெற்றியை யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வரும்வரை காரைத் தொட வேண்டாம், பெட்ரோலும் கொஞ்சம்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டுச் சகலை தன் வீட்டுக்குப் போனார்.

அன்று படுத்தால் கண்ணை மூட முடியவில்லை. அந்த ஒற்றைச் செருப்புதான் வந்து வந்து நின்றது. இரும்பு சனி பகவானுடையது. செத்தவன் காலடியில் கிடந்த இரும்பு இப்போது என் காலடியில் இருக்கிறது. ஒரு கழிப்புக் கழிக்காமல், ஒரு சாந்தி செய்யாமல், பெட்ரோலில் கழுவிவிட்டால் தோஷம் போய்விடுமா? மறுநாள் சனிக்கிழமை. காலையில் தர்மபுரிக்கு நடந்து போய், கோயிலில் சனீஸ்வரனுக்கு விளக்குப் போட்டேன். கிண்ணத்தில் மிச்சமிருந்த நல்லெண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாமனார் சந்தைக்குப் போயிருந்தார். நாலு சக்கரத்தையும் கழற்றினேன். டிரம்மை உருவினேன். சனிக்கு எண்ணெய் சாத்துகிற மாதிரி, மூன்று விரலால் தொட்டு எட்டு ஷூவுக்கும் தடவினேன். இரும்பில் மட்டும் தடவுவதாகத்தான் நினைத்தேன். பிறகு லைனிங்தானே எல்லாவற்றையும் தொடுகிறது, அதை விட்டுவிட்டால் என்ன சாந்தி என்று தோன்றியது. அதிலும் தடவினேன். நார்ப்பட்டை வெயிலில் காய்ந்து கிடந்ததா, தடவத் தடவக் குடித்தது. எண்ணெய் ஆகாது என்று அந்த ஆள் சொன்னது நினைவில்லையா என்றால், இருந்தது. ஆனால் அது மெஷின் எண்ணெய்க்குச் சொன்னது, சாமிக்கு வைத்த எண்ணெய் எப்படிக் கெடுதல் செய்யும் என்று என் புத்தி எனக்குச் சமாதானம் சொன்னது. எல்லாவற்றையும் துணியால் துடைத்து, பழையபடி பூட்டி, கையைக் கழுவிக்கொண்டேன். அப்புறம்தான் மனம் லேசானது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மாமனாரும் சகலையும் பின்னால் உட்கார, தர்மபுரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு மாட்டுக்காக மிதித்தபோது கொஞ்சம் வழுக்கியது போலிருந்தது. புதுசு, படிய வேண்டும் என்று விட்டுவிட்டேன். மைதானத்தில் இன்ஸ்பெக்டர் கோட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர்கள், பஸ்காரர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் வேகமாக வந்து கோட்டுக்கு முன்னால் மிதித்தேன். பெடல் உள்ளே போயிற்று. கார் அதைச் சட்டை செய்யவில்லை. கோட்டைத் தாண்டி, வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி போய், மேஜையை முட்டித் தள்ளிவிட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் குதித்திருந்தார். மைக்கூடு அவர் வேட்டியில் கவிழ்ந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரிக்கக்கூடப் பயந்து நின்றார்கள்.

நான் இறங்கினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சகலையின் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "செத்தவன் வண்டி இரும்பக் கொண்டாந்து பூட்டி, என்னையும் சாவடிக்கப் பாத்தியா?" என்றேன். நீ, வா, போ என்று அவரை நான் அழைத்தது அன்றைக்குத்தான். ஃபிட்டராம் ஃபிட்டர் என்று இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவரிடம் வண்டியை ரிப்பேருக்கு விடுகிற முதலாளிகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். அது தெரிந்துதான் கத்தினேன். மேஜை கவிழ்ந்த பயத்தைவிட, அவரை அத்தனை பேர் நடுவில் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் எனக்குப் பெரிதாக இருந்தது.

அவர் ஜாக்கியை எடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். கழற்றினார். டிரம்மை இழுத்தார். சூட்டில் கிளம்பிய வாசனை எனக்கு எட்டியது. தாளிக்கிற வாசனை. என் வாய் அப்போதுதான் அடைத்தது. அவர் லைனிங்கை ஒரு விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் மை சொட்டும் வேட்டியோடு வந்து, என்ன கோளாறு என்று அதட்டினார். சகலை விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "பழைய பசைங்க. நான் கழுவினது பத்தல. என் தப்புதான். டிரைவர் மேல குத்தமில்லைங்க" என்றார். சாயங்காலத்துக்குள் சரிசெய்து காட்டுவதாகக் கும்பிட்டுக் கேட்டார். அந்த மனுஷன் யாரையும் கும்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, ஐந்து மணிவரை டைம் கொடுத்தார். மாமனார் எல்லோரும் கேட்க, அத்தனை பெட்ரோலை வாங்கியும் கழுவத் தெரியவில்லையே, என் சின்ன மாப்பிள்ளையைக் கொன்றிருப்பீர்களே என்று சத்தம் போட்டார். சகலை தலையைக் குனிந்துகொண்டு ஷூக்களைக் கழற்றினார்.

பங்களா சமையல்காரரிடம் பம்ப் அடுப்பைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஷூவாக நெருப்பில் காட்டினார். நார்ப்பட்டையிலிருந்து எண்ணெய் கொப்புளித்துக் கொப்புளித்துப் புகைந்தது. அடுப்புக்குப் பம்ப் அடிக்கிற வேலை எனக்கு. மாமனார் சாப்பிடப் போனபிறகு நாங்கள் இரண்டு பேர்தான். ஐந்தாவது ஷூவைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நெருப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"சனிக்கெழமையா?"

நான் தலையாட்டினேன். அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"ஒனக்காகன்னு நெனச்சுக்காத. லைசென்ஸு போச்சுன்னா அந்தப் புள்ள சோத்துக்கு எங்க போவும்?"

அந்தப் பிள்ளை என்றால் என் மனைவி. அவர் பெண்டாட்டியின் தங்கை. நான் பம்ப் அடித்தேன். ஐந்து மணிக்குக் கார் கோட்டின்மேல் நின்றது. பர்மிட்டும் கிடைத்தது, லைசென்ஸும் தப்பியது.

அவர் பெருந்தன்மையில் செய்தார் என்று இதைக் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணெய் தடவியது இவன்தான் என்று அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், இல்லையென்று சாதித்திருப்பேன், கைகலப்பு ஆகியிருக்கும், ஒரு வருஷத்தில் மறந்தும் போயிருக்கும். அவர் அப்படி விடவில்லை. என் கழுத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, இழுக்காமல் கையில் வைத்துக்கொண்டார். மைதானத்தில் நடந்தது ஊரெல்லாம் பரவியது. அவரிடம் பிரேக் வேலைக்கு லாரி விடுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ரோட்டோரக் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கிருஷ்ணகிரியில் இன்னொருவர் ஷெட்டில் கூலிக்கு வேலைக்குப் போனார். அவர் பூட்டிய பிரேக் மட்டும் என் காரில் ஐந்து வருஷம் ஒரு குறையுமில்லாமல் பிடித்தது. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் எனக்கு அவர் ஞாபகம் வரும், ஆத்திரமும் வரும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் கிருஷ்ணகிரி பஸ்காரர் ஒரு புட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நல்லெண்ணெய். கடிதம் கிடிதம் எதுவுமில்லை. அடுத்த வருஷமும் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. பேசாவிட்டாலும் அக்கா வீட்டுக்காரருக்கு நம்மேல் எவ்வளவு பாசம் பார் என்று என் மனைவி உருகுவாள். அதைக் காய்ச்சி, மிளகு போட்டு, என் தலையில் வைத்துத் தேய்ப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு எண்ணெய் வை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். அதியமான்கோட்டைக்குத்தான் கொண்டுவந்தார்கள். எடுப்பதற்கு முன்னால் குளிப்பாட்டும்போது, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க வேண்டும். மாமன் மச்சான்கள் வைத்தார்கள். பிறகு யாரோ, சகலை வாங்க என்று கூப்பிட்டார்கள். போனேன். கிண்ணத்தில் நல்லெண்ணெய் இருந்தது. மூன்று விரலால் தொட்டேன். அந்தத் தலை ஜில்லென்று இருந்தது. எண்ணெய் நெற்றியில் வழிந்து புருவத்தில் நின்றது. அவர் கை நகங்களில் கறுப்பு அப்படியே இருந்தது.

தலைமாட்டில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நல்ல வேலைக்காரன். அந்த ஒரு பிரேக்குதான் இவுரு கையில தப்பிப் போச்சு. இல்லீங்களா மாப்பிள?"

என் மனைவியும் அவள் அக்காளும் என்னைப் பார்த்தார்கள். விரலில் எண்ணெய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க மாமா" என்றேன்.